பெருக்குகிறவர் என்று எழுதியிருந்தேன்

2014-இல் கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் சேர்ந்தேன். சொந்தத் தோட்டம் இல்லாமல், சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூள் போடுகிற ஆலை. அறுபது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். எச்.ஆர். என்று போர்டு மாட்டிய அறையில் நான் ஒருத்தன்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் என்ன பொறுப்பு, என்ன தகுதி என்று எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். நெட்டில் பார்த்து ஒரே நாளில் முடித்துவிட்டேன். 'பெருக்குகிறவர்: தளத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். படிப்பு தேவையில்லை.' அவர் படித்துவிட்டு, "காலையில ஆறரைக்கு லாஃப்ட்ல போய் நின்னு பாத்துட்டு எழுதுங்க" என்றார். அந்தக் குளிரில் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

லாஃப்ட் என்றால் இலை வாட்டும் மாடி. முந்தின நாள் வந்த இலையை ட்ரஃப் என்கிற நீள நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து ஃபேன் காற்று விடுவார்கள். விடிவதற்குள் ஈரம் குறைந்து துவள வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தூள் கெட்டது.

பெருக்குகிற அக்கா வந்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முதல் ட்ரஃபின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கினார். விரலை விரித்ததும் உருண்டை மெல்ல அவிழ்ந்தது. ஒரு காம்பை மடக்கிப் பார்த்தார், ஒடியவில்லை. "இது போடலாம்ப்பா" என்று கீழே குரல் கொடுத்தார். மூன்றாவதில் முகம் சுளித்தார். "கொழுந்து இன்னும் முறுக்கா கெடக்கு, ஒரு மணி நேரம் போவட்டும்." மிஷின்காரர் மறுபேச்சே பேசவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் அக்காவுடையது. அப்பா அங்கே தேயிலை ஆலையில் இருந்தவராம். அந்தக் கைப்பக்குவம் அங்கிருந்து வந்தது.

அறைக்குத் திரும்பி மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அக்கா பெயருக்கு எதிரே 'தற்காலிகம்'. நடுநடுவே நாலு நாள், ஆறு நாள் பிரேக். உட்கார்ந்து எண்ணினேன்: 24 மாதத்தில் 511 நாள். தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். மஸ்டரில் தற்காலிகம் என்று எழுதியிருப்பதால் அது மாறாது.

அந்த வாரம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நைட் சூப்பர்வைசர் ஒருவருக்கு ஓவர்டைம் கிடையாது, சூப்பர்வைசராம். கிரீஸ் கையோடு நின்றவரிடம், "உங்களுக்குக் கீழ எத்தனை பேரு அண்ணே?" என்று கேட்டேன். "நானும் இந்த டிரையரும்தான் தம்பி." தொழில் தகராறு வழக்குகளில் கோர்ட் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்க்கும். எனக்கு அதைப் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். டிரையர் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது.

அண்ணன் விஷயம் முதலாளிக்குக் கசந்தது, இழுத்தடித்தார். அக்கா விஷயம் நாலு மாதத்தில் முடிந்தது. 'வாட்டுதளப் பணியாளர், நிரந்தரம்' என்று ஆர்டர் அடித்துக் கொடுத்தேன். இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சரி சார், அப்ப கூட்டுறது யாரு?"

அந்த வேலைக்கு நான் ஆளே போட்டிருக்கவில்லை.