நூறு பார்த்தியா?

காசநோய்க்கான சளிப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்த முதல் வாரமே ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்லைடில் கிருமி தெரியவில்லை என்றால், குறைந்தது 100 ஃபீல்டு பார்த்த பிறகுதான் பதிவேட்டில் ‘நெகட்டிவ்’ என்று எழுத வேண்டும். ஃபீல்டு என்பது லென்ஸ் வழியாக ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம். 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதால், ஸ்லைடில் அந்த வட்டத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு வட்டம், கொஞ்சம் நகர்த்தல், அடுத்த வட்டம். எல்லாம் நீலம். ஐம்பதைத் தாண்டும்போது மனசு வேறெங்கோ போயிருக்கும்.

பாசிட்டிவ் எழுதுவது சுலபம். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி மாதிரி கிருமி தெரியும். எண்ணி எழுதிவிட்டு எழுந்துவிடலாம். இல்லை என்று எழுதுவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு நாளில் 20, 25 ஸ்லைடுக்கு மேல் ஒருவர் பார்க்கக் கூடாது என்பார்கள். வேலை குவிகிற நாளில் அந்த எண்ணிக்கை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

நிறமேற்றும் முறையில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. சிவப்புச் சாயத்தை ஊற்றி, கீழே தீ காட்டி, ஆவி வரும்வரை சூடாக்குவோம். கொதிக்க விடக் கூடாது. ஆறிய பிறகு கழுவிவிட்டு அமிலம் ஊற்றினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு ஓடிவிடும். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற மேலுறை இருப்பதால் உள்ளே போன சிவப்பு வெளியே வராது. கடைசியில் மெத்திலீன் நீலம் ஊற்றினால் மற்றவை நீலமாகும், கிருமி சிவப்பாகவே நிற்கும். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதற்கடுத்த சில வருடங்களில் மற்றவர்கள் திருத்திச் செம்மைப்படுத்திய முறைதான் இது. நானும் பல வருடம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

ஒரு நாள் கடைசியாக வந்த டப்பாவில் இருந்தது சளி இல்லை, எச்சில். நுரையும் தண்ணீருமாக இருந்தது. திருப்பி அனுப்பி, காலையில் எழுந்ததும் நன்றாக இருமி எடுத்துத் தரச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் தூரத்திலிருந்து வந்தவர், இன்னொரு நாள் கூலியை ஏன் இழக்கட்டும் என்று நினைத்தேன். இரக்கம் என்றுதான் அன்றைக்கு அதற்குப் பேர் வைத்தேன். பாதி அது என் சோம்பல். ஸ்லைடைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. முப்பதோ நாற்பதோ ஃபீல்டு இருக்கும். நெகட்டிவ் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இருமல் மாத்திரை தின்று பார்த்தாராம், கேட்கவில்லையாம். இந்த முறை நல்ல கெட்டிச் சளி. ஒவ்வொரு ஃபீல்டிலும் பத்துக்கு மேல் சிவப்புக் குச்சிகள், அதாவது மூன்று பிளஸ், எங்கள் கணக்கில் அதுதான் உச்சம். மறுபார்வைக்காகப் பெட்டியில் வைத்திருந்த பழைய ஸ்லைடை மூத்த டெக்னீஷியன் எடுத்துப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி, “நாலு இருக்கு. நூறு பார்த்தியா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்த மூன்று வாரமும் அந்த நோயாளியின் வீட்டில் ஒரு சின்னக் குழந்தை இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியான பிறகு, வராமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கினார்கள்.

நூறும் ஒழுங்காகப் பார்த்திருந்தால்கூட ‘நெகட்டிவ்’ என்பது முழு உண்மை ஆகிவிடாது. ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணுக்குப் படும். எச்ஐவி உள்ளவர்களுக்கு நோய் முற்றியிருந்தும் சளியில் கிருமி குறைவாக இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குச் சளியை வெளியே துப்பவே தெரியாது. வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை இதைவிட எவ்வளவோ நுட்பமானது. ஆனால் இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும், அதனால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். ஆக, நாங்கள் எழுதும் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்கு ‘எனக்குத் தெரியவில்லை’ என்றுதான் அர்த்தம். வாங்கிக்கொண்டு போகிறவர் ‘எனக்கு நோய் இல்லை’ என்று படிக்கிறார்.

2023-ல் உலகம் முழுக்க 1.08 கோடிப் பேருக்குக் காசநோய் வந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த வருடம் கண்டறிந்து பதிவு செய்தது 82 லட்சம் பேரை. மிச்சம் 25 லட்சத்துக்கும் மேல். சோதனைக்கே வராதவர்கள் அதில் நிறையப் பேர், பதிவேட்டில் ஏறாமல் போனவர்களும் இருப்பார்கள். வந்து, டப்பாவைக் கொடுத்து, நெகட்டிவ் சீட்டோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு யோசனை ஓடும்.

இப்போது எங்கள் மேசையில் கார்ட்ரிட்ஜ் இயந்திரம் இருக்கிறது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த வகை. கிருமியின் மரபணுவைத் தேடி இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்கிறது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி பணியுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு 100 ஃபீல்டு என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் டப்பாவில் வருவது எச்சிலா சளியா என்று இயந்திரம் கேட்பதில்லை, அதை இன்னும் நாங்கள்தான் பார்க்க வேண்டும். சிகிச்சை நடக்கும்போது மைக்ரோஸ்கோப்பும் வேண்டியிருக்கிறது. செத்த கிருமியின் மரபணுவையும் இயந்திரம் பாசிட்டிவ் என்று காட்டிவிடும்.

அந்த ஆளுக்கு வழக்கமான ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாதக் கடைசியில் பரிசோதனைக்கு டப்பாவோடு வந்தார். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. டப்பாவை நீட்டிக்கொண்டே, “எவ்வளவு இருமினாலும் சளியே வரமாட்டேங்குது, திட்டாதீங்க” என்றார். உள்ளே இருந்தது வெறும் எச்சில்.

திட்டவில்லை. வாங்கிப் பூசி, சூடு காட்டி, நிறமேற்றி உட்கார்ந்தேன். 100 முடித்து, இன்னும் ஒரு வரிசை கூடுதலாகப் பார்த்தேன். எல்லாம் நீலமாகவே இருந்தது.