பத்து பவுண்டு வீடு

இங்கிலாந்தின் சசெக்ஸில், கக்மியர் ஆற்றோரம் ஆல்ஃபிரிஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே தேவாலயத்தை ஒட்டிக் கூரை வேய்ந்த சின்ன வீடு ஒன்று நிற்கிறது. பெயர் கிளர்ஜி ஹவுஸ், அதாவது பாதிரியார் வீடு. பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வாங்கிய முதல் கட்டடம் இதுதான். 1896-இல், 10 பவுண்டுக்கு. எல்லோரும் அந்த விலையைத்தான் பேசுகிறார்கள். பார்க்க வேண்டியது மரச்சட்டத்தை.

மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துப் போட்ட கணக்குப்படி, இதற்கான ஓக் மரம் 1400-ஐ ஒட்டி வெட்டப்பட்டது. பெயரில் பாதிரியார் இருந்தாலும், கட்டியவர் வசதியான விவசாயி என்றே கருதுகிறார்கள்.

இந்த வகை வீட்டில் சுவர் எதையும் தாங்காது. பாரம் முழுவதும் தூணிலும் விட்டத்திலும் இறங்கும். இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, மண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பிவிடுவார்கள். நம் வரிச்சு மண்சுவருக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

ஓக் காய்ந்துவிட்டால் உளிக்கு மசியாது. அதனால் பச்சையாகவே செதுக்கினார்கள். விட்டத்தின் முனையில் நாக்குப்போல் செதுக்கிய கழுந்தைத் தூணின் துளையில் செருகி மரஆணி அடிப்பதில்தான் சூட்சுமம்: கழுந்திலுள்ள ஆணித்துளை, தூணிலுள்ள ஆணித்துளைக்கு நேராக இராது, சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். ஆணி இறங்க இறங்க மூட்டு தானாக இழுபட்டு இறுகும். பிறகு மரம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும், வீடு கொஞ்சம் கோணும். அந்தக் கோணலை நிமிர்த்தப் போனால்தான் ஆபத்து.

நடுவே முகடு வரை திறந்த கூடம், முனைகளில் மாடி அறைகள். அன்று புகைபோக்கி கிடையாது. கூடத்துத் தரையிலேயே அடுப்பு. புகை மேலெழுந்து கூரை வழியாகக் கசிந்தது. இந்த வகை வீடுகள் பலவற்றில் பிற்பாடு கூடத்துக்கு மேல்தளம் போட்டு மறைத்துவிட்டார்கள். ஆனால் டார்ச்சோடு பரணில் ஏறினால் போதும்: கைமரங்களில் கரி ஏறியிருக்கும் நீளம்தான் பழைய கூடத்தின் நீளம்.

கிளர்ஜி ஹவுஸின் தரை, இடித்துக் கெட்டித்த சுண்ணக்கல். புளித்த பாலை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வீடு இடிபடும் நிலைக்கு வந்தது. ஊர்ப் பாதிரியார் பெய்னன் விடாமல் முயன்றதால் பிழைத்தது. பழுதுபார்க்கத் தேவைப்பட்ட பணத்துக்கு முன் அந்த 10 பவுண்டு ஒன்றுமில்லை.

இத்தகைய வீடுகள் பெரும்பாலும் அடியிலிருந்துதான் சாகும். வெளியே மண்மட்டம் உயர்ந்து அடிவிட்டம் புதையும், ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஓக்கைத்தான் மரவண்டு தேடி வரும். இதைவிட மோசம் சிமென்ட் பூச்சு. சட்டம் அசைந்ததும் அதில் மயிரிழை விரிசல் விழும். உள்ளே போன மழைநீருக்கு வெளியேற வழி இருக்காது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அதே அளவில் ஓக் துண்டை ஒட்டுப்போட வேண்டும். அதற்குக் கறுப்புச் சாயம் பூசுவது வேண்டாத வேலை. வெயிலும் மழையும் பட்டால் ஓக் தானாகவே நரைத்துவிடும்.