நல்லெண்ணெயில் விழுந்த புள்ளி

பொறியியல் முடித்த நாளிலிருந்து, சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் நான் ஏறி இறங்கிய நிறுவனங்களில் பெரும்பாலானவை, புதியவர்களுக்கான பணியிடம் என்று அறிவித்துவிட்டு, நேர்காணலில் முன் அனுபவம் உண்டா என்றே முதலில் கேட்டன. இந்த முரணையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களும் நகரில் இருக்கிறார்கள். வேளச்சேரியில் ஒரு மாடி அலுவலகத்தில், பணம் கட்டினால் இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டுகளும் தருவதாகக் காபி வாங்கிக்கொடுத்துப் பேசினார்கள். ஊழியரின் வைப்புநிதிக்கான யுஏஎன் எண்ணைக் கொண்டு, அந்த நிறுவனம் எனக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று சரிபார்த்தால் என்ன சொல்வது என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது.

சைதாப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாமாவுக்குத் தமிழில் பில் போடும் நிரலை எழுதிக்கொடுத்தது அதற்குப் பிறகுதான். மூன்று நாள் வேலை என்று எண்ணித் தொடங்கினேன். 58 மி.மீ. தாளில் அச்சிடும் அவருடைய சிறிய தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது என்பதால், ஒவ்வொரு பில்லையும் படமாக வரைந்து, வரிக்கு 384 அச்சுப்புள்ளிகளாக அனுப்ப வேண்டியிருந்தது. விலைக்கு இடம் விட வேண்டுமே என்று, பொருளின் பெயரைப் பத்து எழுத்தோடு வெட்டும்படி எழுதியிருந்தேன். முதல் நாளே மாமா பில்லை என்முன் நீட்டினார்.

“மாப்ளே, நல்லெண்ணெய்ல புள்ளியக் காணோம். இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சியா?”

தாளில் ‘நல்லெண்ணெய’ என்றிருந்தது. நாம் ஆறு எழுத்தாக எண்ணும் அந்தச் சொல், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் பதினொரு குறியீடுகள்; மெய்யெழுத்துக்குத் தனி இடம் இல்லாததால் ‘ய்’ என்பது யகரமும் புள்ளியுமாக இரண்டாகிவிடுகிறது. நான் நிரல் எழுதிய பைத்தான் மொழி எண்ணுவது இந்தக் குறியீடுகளைத்தான்; அது பத்தோடு வெட்டியபோது பதினொன்றாவதாக நின்ற புள்ளி விழுந்துவிட்டது. எழுத்துகளை எண்ணினாலும் சிக்கல் தீரவில்லை, ‘ணெ’ பிடிக்கும் அகலம் வேறு, ‘ர’ பிடிக்கும் அகலம் வேறு. ஒவ்வொரு பெயரும் தாளில் எத்தனை அச்சுப்புள்ளி அகலம் பிடிக்கிறது என்று அளந்து, மீறினால் அடுத்த வரிக்கு இறக்கும்படி மாற்றிய பிறகே பில் ஒழுங்காக வந்தது. அந்த ஒரு வாரம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் கழிந்தது. (வீட்டில் இருந்தால் மாமா அரைமணிக்கொரு முறை அழைப்பார்.)

சென்ற மாதம் ஒரு நேர்காணலில், கடைசியாகத் தீர்த்த பிழை எது என்று கேட்டார்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் பதிந்திருந்தவற்றைத் திறந்துகாட்டி, இந்தப் புள்ளிக் கதையைச் சொன்னேன். கல்லூரி புராஜெக்டைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. அடுத்த சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் மாமா கடன் நோட்டையும் கணினியில் ஏற்றச் சொல்கிறார். அதில் பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. ‘பச்சை கேட்டு வீடு’, ‘ஆட்டோ தம்பி’, ‘ஆட்டோ தம்பி அண்ணன்’ என்றுதான் எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு கணக்கையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக இவற்றில் எதை ஆக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.