பதிமூணாவது மாசம்

அக்டோபர் 20, 2025. தீபாவளி

காலையில அம்மா தலையில எண்ணெய் வச்சிட்டு இருக்கும்போதே போன் அடிச்சுது. சிங்கப்பூருக்கே லீவு, ஆனா கன்டெய்னருக்கு லீவு இல்லையாம். நெத்தியில எண்ணெய் ஒழுக ஒழுக "ஓகே பாஸ், ஓகே பாஸ்"னு நிக்கிறேன், மக அத வீடியோ எடுத்து சிரிக்கிறா. எனக்கு 43 வயசு. முறுக்கு நல்லா வந்திருந்துச்சு, இன்னைக்கு உருப்படியா நடந்தது அதுதான்.

அக்டோபர் 23

ஜூன்ல ரெண்டு பேரு வேலைய விட்டு நின்னுட்டாங்க, புது ஆள் எடுக்கல, ரெண்டு பேரு வேலையும் என் தலையில. யீஷூன்ல ரயில் ஏறி ஜூரோங் ஈஸ்ட்ல மாறி துவாஸ் லிங்க், லைனோட கடைசி ஸ்டேஷன், அதுக்கப்புறம் கம்பெனி பஸ், போக வர மூணு மணி நேரம். அது கூட பழகிடுச்சு, ராத்திரி பதினொரு மணி வாட்ஸ்அப்தான் பழக மாட்டேங்குது.

இன்னைக்குத்தான் வீட்டுக்காரிகிட்ட வாய் விட்டு சொன்னேன், வேற வேலை கிடைக்காட்டியும் ராஜினாமா எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்னு. வெங்காயம் நறுக்கிட்டு இருந்தவ நிமிரவே இல்ல. "கணக்கு போட்டுட்டு வந்து பேசுங்க."

அக்டோபர் 26, ஞாயிறு

போட்டேன். சம்பளம் 4,300 வெள்ளி (டாலர்), சம்பளத்துல பிடிக்கிற சேமநிதி சிபிஎஃப், அதுல என் பங்கு 20 விழுக்காடு போக கையில 3,440. அவ கொண்டு வர்றது 2,400. வீட்டுத் தவணை 780 சிபிஎஃப்ல நேரா கழியுது, அதுல வீட்டுக்கு எடுத்துக்கக் கூடிய ஓஏ கணக்குல 18,000 சொச்சம் கிடக்கு, அப்ப நான் சும்மா உக்காந்தாலும் 23 மாசத்துக்கு வீட்டுக்கு ஆபத்து இல்ல. இத பாத்ததும் நானே ரெண்டாவது தடவ கூட்டிப் பாத்தேன், இத்தன வருஷமா வீடு போயிடும் வீடு போயிடும்னு சொல்லித்தானே வேலைய பிடிச்சிட்டு தொங்கினேன். மத்த செலவு 3,600, டியூஷன் அம்மா கிளினிக் எல்லாம் சேத்து. மாசம் 1,200 துண்டு விழும், கைச்சேமிப்பு 15,000 அத ஒரு வருஷம் தாங்கும்.

இந்த ஏப்ரல்ல வந்துச்சே, வேலை போனவங்களுக்கு ஆறு மாசத்துல 6,000 வெள்ளி வரைக்கும் குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அரசாங்கத் திட்டம், அதையும் படிச்சேன். ஆட்குறைப்பு, கம்பெனி மூடுறது, நோவு நொடியில வேலை போறது, இதுக்கெல்லாம் உண்டு. நானா எழுதிக் குடுத்தா கிடையாது.

நவம்பர் 5

போன வாரம் பூரா பாஸ் ரூமுக்கு கூப்பிடும்போதெல்லாம் தூக்கப் போறாருன்னு ஆசையா போனேன், வேற வேலைதான் குடுத்து அனுப்புனாரு. இன்னைக்கு ஒப்பந்தத்த எடுத்துப் படிச்சேன், சேந்த அன்னைக்கு கையெழுத்து போட்டதோட சரி. நோட்டீஸ் ஒரு மாசம். வருஷக் கடைசியில கூடுதலா குடுக்குற பதிமூணாவது மாச சம்பளம் வாங்க டிசம்பர் 31 வரைக்கும் வேலையில இருக்கணும், நோட்டீஸ்லயும் இருக்கக் கூடாதுன்னு பொடி எழுத்துல. இப்ப குடுத்தா 4,300 காத்துல போச்சு. போனா போகட்டும்னு ஒரு வீராப்பு வந்துச்சு, லெட்டர கூட டைப் பண்ணி வச்சிட்டேன்.

நவம்பர் 12

இத எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். நம்ம புதுக்கோட்டைப் பக்கத்து தம்பி ஒருத்தன், ஓவர்டைம் முடிச்சு அட்டைப்பெட்டி மேல ரெண்டு நிமிஷம் உக்காந்தான். எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். கத்துன வார்த்த பூராவும் காலையில பாஸ் என்ன சொன்னது, அப்படியே தமிழ்ல. அவன் எந்திரிச்சு "சரிண்ணே"ன்னு போயிட்டான். பஸ்ல வீட்டுக்கு வர வரைக்கும் அந்த சரிண்ணேதான் காதுல.

நவம்பர் 13

பசியாறும்போது கோப்பி வாங்கிக் குடுத்து மன்னிச்சுக்கப்பான்னேன். கூச்சமா சிரிச்சான். எப்படியோ பேச்சு வளந்து, அடுத்த வாரம் எழுதிக் குடுக்கப் போறேன், பதிமூணாவது மாசமும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்னு சொன்னேன், கொஞ்சம் பெருமையாவே சொன்னேன்னு வச்சுக்குங்க. அவன் கோப்பிய கீழ வச்சிட்டான்.

"அண்ணே, பைத்தியமா உங்களுக்கு? எனக்கு அது அஞ்சு மாசச் சம்பளம். நான் வேலைய விட்டா வேலை பர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு டிக்கெட் போட்டுடுவாங்க, ஏஜென்ட் கடன் அப்படியே நிக்கும். நீங்க இங்கேயே இருப்பீங்க. வாங்கிட்டு போங்கண்ணே."

நவம்பர் 16, ஞாயிறு

வீட்டுக்காரி "அந்தத் தம்பிக்கு இருக்குற புத்தி உங்களுக்கு இல்ல"ன்னுட்டா. லெட்டர்ல தேதிய ஜனவரி 2ன்னு மாத்திட்டேன். வேற வேலை இன்னும் கிடைக்கல, தேடக் கூட ஆரம்பிக்கல. இன்னைலேருந்து ஒம்பது மணிக்கு மேல கம்பெனி போன சமையக்கட்டு டிராயர்ல போட்டுடறது. இப்ப பத்தே கால், மூணு தடவ அதிர்ந்துச்சு, கரண்டியெல்லாம் சேந்து கடகடங்குது.