ஏற்றி இறக்கும் வேலை

சென்னையிலிருந்து கிளம்பி பெங்களூரு, கொச்சி, ஐதராபாத் என்று வார இறுதிகளில் ஊர் ஊராகப் போகும் சுயாதீன இசைக்குழுவுக்கு மேடையில் கிடைப்பது 60 நிமிடம், மிஞ்சினால் 75. மற்ற நேரமெல்லாம் சாமான் கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது, காத்திருப்பது. சினிமாக் கச்சேரிக்கு இதற்கென்றே ஆட்கள் உண்டு. சின்னக் குழுவில் டிரம்மர்தான் சாமான் கணக்கு வைத்திருப்பார், பேஸ் கிட்டார் வாசிப்பவர் பணத்தைப் பார்ப்பார், கூட வரும் சவுண்ட் இன்ஜினியர் பாதி மேனேஜர். இந்த வேலை சரியாக நடந்தால்தான் பாட்டை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு வாசிக்க முடியும்.

டிரம் கிட், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் எல்லாம் ஏற்பாட்டாளர் வாடகைக்கு எடுத்து வைப்பார். என்னென்ன வேண்டும் என்று முன்னதாக அனுப்பும் டெக் ரைடரில் வெறுமனே 'டிரம் கிட்' என்று எழுதினால் எது கிடைக்கிறதோ அது வந்து நிற்கும். காலால் அடிக்கும் 22 இன்ச் கிக் டிரம், 12, 16 இன்ச் டாம் டிரம்கள், உலோகத் தட்டுகளான சிம்பலுக்கு ஸ்டாண்ட் 3, ஹை-ஹேட் ஸ்டாண்ட், ஸ்னேர் ஸ்டாண்ட், ஸ்டூல், அடியில் விரிக்க கார்பெட் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கார்பெட் இல்லாத மரமேடையில் நாலாவது பாட்டுக்குள் கிக் டிரம் ஒரு முழம் முன்னால் நகர்ந்திருக்கும்.

ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றையும் டிரம்மர் கையோடு கொண்டு போவார். சிம்பலில் ஒரு ரைடு, இரண்டு கிராஷ், ஒரு ஜோடி ஹை-ஹேட் மட்டுமே 8, 9 கிலோ வரும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஒருவருக்கு 15 கிலோதான். அதனால் டிரம்மரின் துணிமணி பாடகரின் பெட்டியில் போகும். கிட்டார் ஹார்டு கேஸில் போனாலும் பயம் உடம்புப் பகுதிக்கு இல்லை, கம்பி முறுக்கும் சாவிகள் உள்ள தலைக்குத்தான். கேஸ் கீழே விழும்போது தலைப்பகுதி பின்னோக்கி வெட்டி இழுக்கும். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் விரிசல் விடும். பழைய டி-ஷர்ட்டைச் சுருட்டி தலைக்கு அடியிலும் மேலேயும் இறுக்கமாக அடைத்து, மூடியை மூடிய பிறகு தலை அசையவே கூடாது. கம்பியைத் தளர்த்துவதைவிட இது முக்கியம். பவர் பேங்க் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர். 100 என்ற வரம்புக்குள் அடங்கிவிடும்.

இடத்துக்குப் போனதும் கிட்டாரைத் திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கரண்ட். கல்லூரி மைதானம், தற்காலிக மேடை, ஜெனரேட்டர் என்றால் இதில் ஒரு துளி அலட்சியமும் கூடாது. அந்த இடத்து எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, மேடையில் உள்ள ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் மூன்று அளவு எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு 20, 30 என்று ஏறினாலோ, இரண்டாவது அளவு ஆடினாலோ எர்த் சரியில்லை. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்கிறதா என்று போய்க் கண்ணால் பார்ப்பது நல்லது.

இத்தனை கெடுபிடி எதற்கு? ஆம்ப்பின் எர்த் விட்டுப்போயிருந்தால் அதன் உலோகப் பெட்டியில் கசிவு மின்சாரம் தேங்கும். கேபிளின் வெளிவலை வழியாக அது கிட்டார் கம்பி வரை வரும். மைக்கோ, எல்லாச் சத்தத்தையும் கலந்து தரும் மிக்ஸர் வழியாக நல்ல எர்த்தில் நிற்கிறது. கம்பியில் கை, மைக்கில் உதடு. பாடிக்கொண்டே வாசிப்பவர் உடம்பு வழியாக மின்சாரம் பாய்வது இப்படித்தான். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பத்து, இருபதைத் தாண்டினால் யாரும் எதையும் தொடக் கூடாது. மேடை ஆம்ப்புகளும் சவுண்டும் ஒரே ஃபேஸ், ஒரே எர்த்தில் இருக்கட்டும். லைட்டும் எல்இடி திரையும் வேறு ஃபேஸுக்குப் போகட்டும். ஸ்பீக்கரில் 'ஹம்' என்ற இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். ஹம்மை நிறுத்த, வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்டு லிஃப்ட் பட்டன் இருக்கிறது.

பறையோடு பயணிக்கிற குழுக்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஏசி அரங்கிலும் மழை நாளிலும் தோல் தொய்ந்துவிடும், கணீரென்ற சத்தம் மந்தமாகும். வெளியே காகிதம், காய்ந்த சருகு போட்டு மூட்டி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக் காய்ச்ச வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகி வெடிக்கும். சவுண்ட்செக்கில், அதாவது ஒலி ஒத்திகையில், காய்ச்சியது இரவு மேடைக்கு நிற்காது, ஏறுவதற்குச் சற்று முன் மறுபடி காய்ச்ச வேண்டும். ஆகவே அரங்கின் பின்வாசலில் நெருப்பு மூட்ட இடம் வேண்டும் என்பதை ரைடரிலேயே எழுதிவிட வேண்டும். பல அரங்குகள் மறுக்கும். அங்கே ஹாலஜன் விளக்குச் சூடோ ஹேர் டிரையரோதான் கை கொடுக்கும். பறை ஆட்டத்தோடு சேர்ந்த வாத்தியம், ஸ்டாண்டில் மைக் வைத்து ஆட்டக்காரரை ஒரே இடத்தில் கட்டிப்போடுவது பெரிய அநியாயம். சட்டத்தில் மாட்டும் சின்ன கிளிப் மைக், இடுப்பில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர், அவ்வளவுதான்.

தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்க இயர்போன் போலக் காதில் மானிட்டர் போடுகிற குழு சின்ன டிஜிட்டல் மிக்ஸரைத் தனி ரேக்கில் கொண்டுபோய், சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வழியாக ஒரு பங்கை அரங்கத்து மிக்ஸருக்குக் கொடுத்துவிடும். சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இரு தரப்பும் முதலிலேயே பேசிவிட வேண்டும். அந்த மிக்ஸரை இயக்கும் வைஃபை சவுண்ட்செக்கில் ஒழுங்காக ஓடியிருந்தாலும், கூட்டம் வந்ததும் அறுந்துபோகும். ஆயிரம் போன்கள் 2.4 கிகாஹெர்ட்ஸை அடைத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரை மேடையிலேயே ஆள் உயரத்துக்கு வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கடைசியாக மேடை ஏறுகிற குழுதான் முதலில் சவுண்ட்செக் செய்யும், முதலில் ஏறுகிற குழு கடைசியில். அப்போதுதான் கதவு திறக்கையில் மேடை முதல் குழுவுக்குத் தயாராக நிற்கும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது சட்டம். மாலையில் அரை மணி தாமதமானால் அது கடைசிக் குழுவின் பாட்டிலிருந்துதான் வெட்டப்படும். எந்த இரண்டு பாட்டை விடுவது என்று செட் லிஸ்ட் ஒட்டும்போதே குறித்து வைத்திருப்பது நல்லது.

மூட்டை கட்டி முடிய 12 மணி ஆகிவிடும். பெங்களூரிலிருந்து கொச்சி ஏறக்குறைய 550 கிலோமீட்டர், டெம்போ டிராவலரில் 10, 11 மணி நேரம். அன்றிரவே கிளம்பினால் அறை வாடகை மிச்சம் என்ற கணக்கு எல்லாக் குழுவிலும் எழும். பகல் முழுக்க மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் தூங்கியிருக்க மாட்டார் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. விடிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவேதான் கண் சொக்கும். அறை எடுத்தால் டிரைவருக்கும் ஒரு கட்டில். அதற்குப் பணம் இல்லையென்றால் அந்த இரண்டு ஊரையும் அடுத்தடுத்த நாளில் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பணத்தில் பாதி முன்பணம், மீதி சவுண்ட்செக் முடிவதற்குள். கல்லூரி விழாக்களில் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பிறகு பார்த்தால்தான் திரும்ப வாங்க முடியும். மிச்சம் வருவது எவ்வளவானாலும் முதலில் டிரைவர், அடுத்து சவுண்ட் இன்ஜினியர், சாமான் தூக்கியவர்கள். குழுவின் பங்கு அதற்குப் பிறகு.