ரோட்டிஃபர் வாளியும் கோமாளி மீன் குஞ்சுகளும்

என் வீட்டுத் தொட்டியில் கோமாளி மீனின் முட்டைகள் முதன்முறையாகப் பொரித்தபோது என்னிடம் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருந்தது, ஏழாண்டு மீன் வளர்ப்பு அனுபவம் இருந்தது, உற்சாகத்துக்கும் குறைவில்லை. குஞ்சுகளின் முதல் இரையான ரோட்டிஃபர் என்ற நுண்ணிய மிதவை உயிரி மட்டும் ஒரு துளிகூட இல்லை. அன்றிரவு பொரித்த குஞ்சுகள் அத்தனையும் மூன்றாம் நாள் காலைக்குள் இறந்துபோயின. பொடித்த தீவனமும் அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் அவற்றுக்குப் போதும் என்று நினைத்திருந்தேன். கப்பி, மோலி போன்ற எளிய நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவனுக்கு வரக்கூடிய நினைப்புதான் அது. கோமாளி மீன் குஞ்சோ தன் கண்முன் துடித்து நகரும் உயிரைத்தான் முதல் இரையாகக் கொள்கிறது. அசையாமல் மிதக்கும் துகளை அது பொருட்படுத்துவதே இல்லை.

சோடி சேர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் வாங்கியவை ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ் இனத்தைச் சேர்ந்த இரண்டு சிறிய மீன்கள். ஒன்று மற்றொன்றைவிடச் சற்றே பெரியது. கோமாளி மீன்களை ஆண், பெண் என்று பார்த்து வாங்க வேண்டியதில்லை. இளமையில் எதுவும் பெண் அல்ல. சேர்ந்து வாழும் கூட்டத்தில் வலுத்தது பெண்ணாகிறது, அடுத்த நிலையில் உள்ளது ஆணாக நின்றுவிடுகிறது, பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறுகிறது. என் தொட்டியில் பெரியது நெருங்கும்போதெல்லாம் சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடல் நடுங்கப் பணிவு காட்டும். அந்த நடுக்கத்தை முதலில் நோய் என்று எண்ணி மருந்து தேடி அலைந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முட்டை வருவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பூப்போலத் தோன்றும் கடல் விலங்கான கடற்சாமந்தி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கடலில் அதுவே இவற்றின் வீடு, ஆனால் தொட்டியில் அது இல்லாமலும் இவை முட்டையிடும். என் மீன்களுக்குச் சாய்த்து வைத்த ஒரு சிறு மண்தொட்டியே போதுமானதாக இருந்தது.

முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன்பே இரண்டும் அந்த மண்தொட்டியின் சுவரை வாயால் கொறித்துக் கொறித்துத் துப்புரவாக்கும். பெண் மீன் வயிற்றைச் சுவரோடு உரசிக்கொண்டு வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் பின்னாலேயே வந்து அவற்றைக் கருவுறச் செய்யும். புதிய முட்டைகள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாள் செல்லச் செல்லப் பழுப்பேறி, கடைசி இரண்டு மூன்று நாட்களில் ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளிப் பொட்டுகளாகக் கண்கள் தெரியும். அதுவரையிலான உழைப்பில் பெரும்பங்கு ஆணுடையது. துடுப்பால் விசிறி நீரோட்டம் கொடுப்பதும், கெட்டு வெளுத்த முட்டைகளைப் பொறுக்கி எடுத்து மற்றவற்றைப் பூஞ்சையிலிருந்து காப்பதும் அதன் வேலை. முதல் இரண்டு முறை இட்ட முட்டை ஈடுகளை என் சோடி விடிவதற்குள் தின்றுவிட்டது. புதிய சோடிகளிடம் இது வழக்கம்தான்.

பொரிக்கும் நாளைத் தீர்மானிப்பது வெப்பநிலை. தொட்டி நீர் 27 அல்லது 28 டிகிரியில் நிற்கும்போது எனக்கு எட்டாம் இரவில் பொரிக்கிறது. குளிர்ந்த நீரில் இன்னும் சில நாள் கூடும். சென்னையின் மே மாதத்தில் நீர் 31 டிகிரிக்கு ஏறிவிடுவதால், நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டு, ஆவியாகும் அளவுக்கு உப்பு நீக்கிய ஆர்ஓ நீரை நாள்தோறும் ஊற்றிச் சமன் செய்கிறேன். அந்த இரவில் விளக்கை அணைத்த ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் முட்டைகள் வெடிக்கும். இருட்டுதான் அவற்றுக்குக் குறிப்பு. ஆகவே அன்று மாலையே மண்தொட்டியைத் தூக்கிக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, ஆண் மீனின் விசிறலுக்கு ஈடாக முட்டைகளின் அருகே காற்றுக்குமிழ்கள் ஏறும்படி வைத்துவிட்டு, அறை முழுவதையும் இருட்டாக்குகிறேன். காலையில் பார்த்தால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளத்தில், கண்ணும் வாலுமாக, கண்ணாடிச் சில்லு போன்ற நூற்றுக்கணக்கான உயிர்கள் நீரில் தத்தளித்துக்கொண்டிருக்கும்.

இனிமேல்தான் ரோட்டிஃபரின் கதை. இது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரையே அளவுள்ள ஒரு மிதவை உயிரி. குஞ்சின் வாய்க்குள் நுழையும் அளவும், குஞ்சால் துரத்திப் பிடிக்கக்கூடிய மந்த வேகமும் கொண்டது. குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 ரோட்டிஃபர் இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் 30 லிட்டர் நீருக்கு மூன்று லட்சம் ஆகிறது; அதுவும் குஞ்சுகள் தின்னத் தின்ன நாள்தோறும் ஈடுகட்டப்பட வேண்டும். எனவே முட்டை கண்ணில் பட்ட பிறகு ரோட்டிஃபர் தேடப் புறப்படுபவர் தோற்றுவிட்டார் என்றே பொருள். பெருகி நிற்கும் வாளி குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே வீட்டில் இருக்க வேண்டும். நான் மூன்று வாளிகள் வைத்திருக்கிறேன். ஒன்று கெட்டால் மற்றதற்குத் தொற்றாமல் இருக்க, மூன்றும் மூன்று அறைகளில், தனித்தனிக் குவளைகளோடு இருக்கின்றன. நானோகுளோராப்சிஸ் என்ற பச்சைப் பாசியை ஊற்றினால் நீர் பச்சையாகும். மறுநாள் அது வெளுத்திருந்தால் ரோட்டிஃபர் நன்றாகத் தின்கிறது என்று அறியலாம். ஒரு நாள் பட்டினி போட்டால், அல்லது அளவுக்கு மீறி ஊற்றி நீரை நாறவிட்டால், நேற்று வரை கொதித்துக்கொண்டிருந்த வாளி இன்று வெறும் தண்ணீராகக் கிடக்கும். ஈஸ்ட் கொடுத்தும் இவற்றைப் பெருக்கலாம், செலவும் குறைவு; ஆனால் ஈஸ்ட் தின்ற ரோட்டிஃபரில் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் இருப்பதில்லை, வயிறு நிறைந்த குஞ்சும் நலிந்து சாகும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா ஒரு நாள் கேட்டார்: "மீனுக்கு ஒரு தீனி, அந்தத் தீனிக்கு ஒரு தீனி, இது எங்கேப்பா போய் முடியும்?"

குஞ்சுத் தொட்டியின் பக்கங்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலிருந்து ஒளி வந்தால் குஞ்சுகள் அதை நோக்கிச் சென்று கண்ணாடியில் முட்டி மோதிக்கொண்டே இருக்கும். மேலிருந்து மெல்லிய ஒளி, நிமிடத்துக்குச் சில குமிழ்கள், பாசியால் இளம்பச்சை ஏறிய நீர், இவ்வளவே ஏற்பாடு. வடிகட்டி வைத்தால் குஞ்சும் இரையும் சேர்ந்து உறிஞ்சப்பட்டுவிடும். வடிகட்டி இல்லாததால் அம்மோனியா தேங்குகிறது. கடல்நீரின் காரத்தன்மையில் அதன் நஞ்சு நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல் என்பதால், தினமும் அடியில் படிந்த கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, தாய்த்தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ஒருமுறை சோம்பல்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டதில் பாதிக் குஞ்சுகளை இழந்தேன்.

ஆறாம், ஏழாம் நாளில் அப்போது பொரித்த ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரியைச் சிறிது சிறிதாகச் சேர்க்கத் தொடங்கலாம். அது ரோட்டிஃபரைவிடப் பெரிது. எல்லாக் குஞ்சுகளாலும் விழுங்க முடியாது என்பதால் சில நாட்களுக்கு இரண்டையும் கொடுக்க வேண்டும். எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையே ஒரு காலையில், நீரின் நடுவே மிதந்துகொண்டிருந்தவை சுவரோரம் இறங்கி, உடலை நெளித்து நெளித்து நீந்தும். ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை தெரியும். அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டால் இறப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

பட்டைகளைப் பற்றி ஒரு செய்தி. தொட்டியில் வளர்ந்தவற்றில் பட்டை அறுந்தும் குறைந்தும் இருப்பது சகஜம். அவற்றை அரிய வகை என்று கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. பப்புவா நியூ கினியில் இதன் நெருங்கிய உறவினமான பெர்குலா மீன்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, பட்டை எழும் வேகம் தைராய்டு இயக்குநீரைப் பொறுத்தது என்றும், குஞ்சு குடியேறும் கடற்சாமந்தியின் வகைக்கேற்ப அது மாறுகிறது என்றும் காட்டியது. நம் கடலோரத்திலும் இந்த வேலை நெடுநாளாக நடக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன்களை அடைத்துவைத்து இனப்பெருக்கம் செய்திருக்கின்றன. பவளப்பாறையில் பிடித்த மீனைவிடத் தொட்டியில் பிறந்த மீனையே வாங்குங்கள் என்று நண்பர்களிடம் சொல்கிறேன். அது தொட்டியைப் பிறப்பிலிருந்தும் உலர்தீவனத்தைச் சிறுவயதிலிருந்தும் அறிந்தது.

ஐந்தாம் ஈட்டில் 63 குஞ்சுகள் தேறின. அவற்றில் 50ஐ மூன்றரை மாதத்தில் கடைக்குக் கொடுத்தேன். கிடைத்த பணம் பாசிக்கும் உப்புக்கும் ஆன செலவில் பாதியைக்கூட எட்டவில்லை. நேற்று மாலையிலிருந்து என் சோடி மீண்டும் மண்தொட்டியைக் கொறிக்கத் தொடங்கியிருக்கிறது. சமையலறை வாளி நன்றாக வெளுத்திருக்கிறது, மாடிப்படி வாளியும் அப்படியே. படுக்கையறை வாளி மட்டும் இரண்டு நாளாகப் பச்சை மாறாமல் நிற்கிறது. அதைக் கொட்டிக் கழுவிவிட்டு, இன்றிரவே சமையலறை வாளியிலிருந்து விதை எடுத்து ஊற்ற வேண்டும்.