ஒளிரும் எழுத்தின் ஓரப்பட்டை

கடைப் பலகைகளில் உள்ளிருந்து ஒளிரும் பெட்டி எழுத்தைச் சேனல் லெட்டர் என்பார்கள். அதன் முகப்பைச் சுற்றி ஓடும் அந்தத் தங்க நிற, கறுப்புப் பட்டைக்குத் தொழிலில் டிரிம் கேப் என்று பெயர். அழகுக்குத்தானே என்று மலிவானதை வாங்குகிறவர்கள் உண்டு. முகப்பைப் பெட்டியோடு பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

1910இல் ஜார்ஜ் குளோட் பாரிசில் நியான் விளக்கைக் காட்டியபோது இது தேவைப்படவில்லை. பின்னர் வந்த தகரத் தொட்டி எழுத்துகளிலும் குழாய் வெளியே தெரிந்தபடிதான் எரிந்தது. 1933இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற அக்ரிலிக் தகடு வந்து, உலகப் போருக்குப் பின் விளம்பர எழுத்துக்கு முகப்பாக மாறியதும்தான் சிக்கல். ஒரு மீட்டர் அக்ரிலிக் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், அலுமினியம் 1 மி.மீ. கூட நீளாது. இரண்டையும் இறுக்கி முடுக்கினால் அக்ரிலிக்தான் விரிசல் விடும். பட்டை முகப்போடு ஒட்டிக்கொண்டு, பக்கத் தகட்டின் மேல் சற்று நகர வேண்டும்.

இதற்குப் பொருந்தியது செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக். 1938இல் ஈஸ்ட்மன் நிறுவனம் இதை டெனைட் பியூட்டிரேட் என்று விற்கத் தொடங்கியது. சூடு காட்டாமலே கையால் வளையும், வெயில் தாங்கும், அக்ரிலிக்கை ஒட்டும் அதே கரைப்பானில் இதுவும் இளகும். உருக்கிப் பட்டையாகப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடரில் போடும் முன் பிளாஸ்டிக் குருணையை நன்றாக உலர்த்தவேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பட்டையில் கோடும் குமிழும் விழும், மேலே ஒட்டும் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் பிறகு உரிந்து வரும். அறுத்தால் கெட்ட வெண்ணெய் வாடை அடிக்கும். அசல் சரக்கு என்பதற்கு அதுவே அடையாளம்.

பொருத்துவதில் தவறெல்லாம் மூலையில்தான். வெளிமூலையில் முகப்பின் மேல் மடியும் உதட்டை மட்டும் V வடிவில் வெட்டவேண்டும், பக்கத் தகட்டின் மேல் இறங்கும் பாவாடைப் பகுதியைத் தொடக்கூடாது. வெட்டின் கோணம் 180இலிருந்து மூலைக் கோணத்தைக் கழித்தது: 'A'யின் 40 டிகிரி உச்சிக்கு 140. உள்மூலையில் வளைத்தால் உதடு கிழியும். இரண்டு துண்டாக்கிச் சேர்ப்பதே நல்லது. பட்டையின் முனைகள் எழுத்தின் அடியில் சந்திக்கட்டும், கண்ணில் படாது.

முகப்பைக் கவிழ்த்து, ஊசிமுனைப் புட்டியால் உள்விளிம்பில் ஒருமுறை ஓட்டினால் போதும், கரைப்பான் தானாக இடுக்கில் ஏறும். தாராளமாக ஊற்றினால் விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். லேசரில் வெட்டிய விளிம்பில் இது இன்னும் மோசம், வெட்டும் சூட்டால் உள்ளே தகைவு (இழுவிசை) தங்கியிருக்கிறது. 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டு ஒட்டினால் தப்பலாம்.